செவ்வாய்க்கிழமை செத்த இரைச்சல்

கிறகரி செத்துப்போன பிறகும் அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை யாரும் கழற்றவில்லை. கழற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

மொன்றியல் நகரத்தின் லாசால் பகுதியில் ஒரு பலசரக்குக் கடை. அதற்குக் கீழே பேஸ்மென்ட். அதற்குள் ஒரு தமிழ் இன்டர்நெட் ரேடியோ. 2006 அக்டோபர் 19, வியாழக்கிழமை, காலை பத்து மணி...

கிறகரி மன்னார்க்காரர். ஐம்பத்தெட்டு வயசு. ரேடியோவில் பாதிப் பங்கு அவருடையது. வியாழன்தோறும் காலையில் துதிப்பாட்டு நிகழ்ச்சி செய்வார். அன்று மட்டும் ஸ்டூடியோவைத் தானே திறந்து, தானே எல்லா ஸ்விட்சையும் போட்டு, தனியாகவே நடத்துவார்.

அன்றும் போட்டார். இடது கையை மிக்ஸர் மேல் ஊன்றினார். வலது கையால் மைக்கை இழுத்தார்.

"நேயர்கள் எல்லாருக்கும் அன்பான..."

அவ்வளவுதான்!

நகரம் முழுக்கச் சமையலறைகளில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வழக்கம்போல லைன் விழுந்துவிட்டது என்று கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்கள். மேலே கடையில் கல்லாவில் இருந்த சிவமலர்தான், என்ன இது கருகல் நாற்றம் என்று கீழே இறங்கி வந்தாள். அவள் போட்ட அலறலில், பால் வாங்க வந்த கிழவர் பாலைப் போட்டுவிட்டு ஓடினார்.

பத்தரைக்குப் போலீஸ் வந்தது. பத்து நாற்பதுக்கு ஸ்டூடியோவுக்கு சீல் விழுந்தது.

டிடெக்டிவ் லெஃபேவ்ர், ஐம்பதைத் தொட்ட பிரெஞ்சுக்கார அம்மாள். இருபது வருஷமாகப் பிணங்களோடு பழகியவர். அப்படிப்பட்டவரே கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கரண்ட் அடித்த மனிதனின் நாற்றம் துணியில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும்.

போலீஸோடு வந்த எலக்ட்ரீஷியன் கால் மணி நேரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

மிக்ஸருக்குப் போகும் ப்ளக்கில் மூன்று கால் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது. மூன்றாவது கால் எர்த். உள்ளே ஏதாவது கசிந்தால் கரண்ட் ஆளைத் தொடாமல் தரைக்குப் போவதற்கான வழி. அதை யாரோ கட்டிங் பிளேயரால் அழகாக நறுக்கியிருந்தார்கள். மிக்ஸருக்குள்ளே ஒரு ஒயர் வேறு கழன்று, இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு வந்தார் ரேடியோவின் இன்னொரு பங்காளி தியாகலிங்கம்.

மொன்றியல் தமிழர் வீடுகளில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கனமான, கொழகொழத்த, தேன் தடவிய குரல். காலை எட்டு முதல் பதினொன்று வரை கராஜில் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ரசீதையும் காட்டினார். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் காட்டினார்.

ஸ்டூடியோவில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று லெஃபேவ்ர் கேட்டார்.

தியாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதைச் சிவமலர் பிரெஞ்சில் சொன்னாள்.

"ஒரு இந்தியாப் பெடியன், மேடம். செவ்வாய்க்கிழமை சத்தம் சரிபாக்க வந்தவன். எர்த்தை வெட்டினாத்தான் இரைச்சல் போகும் எண்டான். வேண்டாம் தம்பி எண்டு நான் சொன்னனான். கேக்கேல்ல."

*

டவுன்டவுனில், யுனிவர்சிட்டி லேபில் இருந்த ஹரிபிரசாத்துக்கு மத்தியானம் போன் வந்தது. ஒரு மணிக்கு அவன் போலீஸ் அறையில் இருந்தான். இரண்டு மணிக்கு அவன் பாஸ்போர்ட் லெஃபேவ்ரின் மேஜை டிராயரில் இருந்தது.

சென்னைப் பையன். மாஸ்டர்ஸ் இரண்டாம் வருஷம். வார நாட்களில் ஓய்ந்த நேரத்தில் கம்ப்யூட்டர், சவுண்ட் ரிப்பேர் செய்வான். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மெஷின்கள் சொல்லாது என்பது அவன் கட்சி. இப்போது அந்தக் கட்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவன் மூன்று தடவை சொன்னான்.

மைக்கையும் மிக்ஸரையும் கம்ப்யூட்டரோடு சேர்க்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. தியாகலிங்கம் அதைப் புதிதாக வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாட்டிய நாளிலிருந்து எதைப் பதிவு செய்தாலும் பின்னால் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சுவருக்குப் பின்னால் எருமை நிற்கிற மாதிரி. மென்பொருளை அழித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மைக்கை மாற்றியிருக்கிறார்கள். கிறகரி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடியிருக்கிறார். போகவில்லை.

ஹரி ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்... அதுதான் அவன் முறை. மைக்கைக் கழற்றினான், இரைச்சல் இருந்தது. மிக்ஸரைக் கழற்றினான், நின்றது. ஆக, மிக்ஸருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான் வியாதி. கம்ப்யூட்டர் ஒரு சுவர் ப்ளக்கில், மிக்ஸர் எதிர்ச் சுவர் ப்ளக்கில். எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருகிறது. இரண்டையும் பல ப்ளக் சொருகும் ஒரே பவர் பாரில் மாட்டினான். நடுவில் இருந்த மட்டமான கேபிளைத் தூக்கிப் போட்டு நல்லதைச் சொருகினான்.

இரைச்சல் செத்தது. செவ்வாய் மத்தியானம் இரண்டு மணி. நோட்டில் குறித்து வைத்திருந்தான்.

நான்காவது தடவை சொல்லி முடித்தும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஏனென்றால் சொல்ல வேண்டிய இன்னொன்று பாக்கியிருந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது தியாகலிங்கம் கேட்டிருந்தார்.

"தம்பி, இந்த மூண்டாவது காலை வெட்டி விட்டாலும் சத்தம் போகுமாமே?"

அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தபடி பதில் சொல்லியிருந்தான்.

"போகும் சார். ஆனா உள்ள ஒரு ஒயர் கழண்டா, கை வெக்கிற ஆளும் போயிடுவாரு."

சொல்லித் தந்ததே அவன்தான்! பாடம் எடுத்த மாதிரி எடுத்திருக்கிறான். அதைவிட மோசம், ராத்திரி படுத்தால் இன்னொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மிக்ஸரைக் கழற்றி மாட்டியபோது அந்த ஒயர் தன் கை பட்டுத்தான் கழன்றதோ?

திங்கட்கிழமை வழக்குப் பதிவு ஆகும் என்று லெஃபேவ்ர் சொல்லி அனுப்பினார். கவனக்குறைவால் மரணம். படிப்பு போகும், விசா போகும், அதற்கு முன்னால் சிறை. நகரத்தை விட்டுப் போகக் கூடாது என்றார். போவதற்குப் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?

*

சனிக்கிழமை மத்தியானம் லாசாலில் ஒரு ஃப்யூனரல் ஹோம். கிறகரியின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள்.

போகாதே என்றான் ஹரியின் அறைத்தோழன். ஹரி தன் அறை இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனான். அந்த முகத்தை ஒரு தடவை பார்க்காமல் அவனால் இனி ஒரு ப்ளக்கைத் தொட முடியாது.

வாசலிலேயே நிறுத்தினாள் அஜிதா. கிறகரியின் ஒரே மகள். கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. இரண்டு நாள் அழுத கண்கள்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"அவர் முகத்தைப் பாக்கணும். ஆனா அந்த எர்த் காலை நான் வெட்டலங்க."

"அப்ப ஆர் வெட்டினது?"

ஹரி தெரியாது என்று தலையசைத்தான். அவள், ரெண்டு நிமிஷம் நிண்டுட்டுப் போங்கோ என்று வழிவிட்டாள். கூடவே நடந்தபடி, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போலச் சொன்னாள். போன சனிக்கிழமையிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் எல்லோருக்கும் ஒரு விஷயம் சொல்லப்போகிறேன், என்ன விஷயம் எண்டு பேந்து தெரியும் என்று மட்டும் சொன்னாராம். இனி அது யாருக்கும் தெரியாது.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனபோதுதான் அது கேட்டது.

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட அந்தோனிப்பிள்ளை கிறகரி அவர்கள், ஒக்டோபர் மாதம் பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்..."

தியாகலிங்கத்தின் குரல்! மரண அறிவித்தல். செத்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே, ஸ்டூடியோ சீலில் இருக்க, லேப்டாப்பிலிருந்தே ரேடியோவில் போன அறிவித்தல். அதைத் தன் லேப்டாப்பில் கொண்டுவந்து, இரண்டு ஸ்பீக்கரை மாட்டி, கால் மணிக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று தன் குரலைத் தானே தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். 'பாசமிகு தந்தையும்' என்று வரும் இடத்தில் குரல் உடையும். அந்த இடம் வருவதற்கு முன்பே இவர் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார். வந்தவர்கள் எல்லாம் என்ன குரல், என்ன உருக்கம் என்று அவர் கையைப் பிடித்தார்கள்.

ஹரிக்கு உடம்பெல்லாம் கூசியது. போய்விடலாம் என்று திரும்பினான்.

நின்றான்.

ம்ம்ம்ம்ம்...

அந்தக் குரலுக்கு அடியில்... மெல்ல... சுவருக்குப் பின்னால் எருமை!

கையில் நோட்டு இல்லை, வேண்டியதும் இல்லை. அந்த இரைச்சலோடு அவன் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறான்.

தியாகலிங்கம் வாசலில் யாரையோ கட்டிப்பிடிக்கப் போன சமயம் பார்த்து ஹரி லேப்டாப்பிடம் போனான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். ஸ்பீக்கர் காரணமா? அடுத்து வந்த துதிப்பாட்டு சுத்தமாகக் கேட்டது. ஸ்பீக்கர் இல்லை. சார்ஜரா? பிடுங்கினான். அறிவித்தலை மறுபடி போட்டான். இருந்தது. ஸ்பீக்கர் ஒயரையே கழற்றி, தன் பையிலிருந்த ஹெட்ஃபோனைச் சொருகினான். இருந்தது!

ஆக, இரைச்சல் இந்த ஹாலில் இல்லை. பதிவுக்குள்ளேயே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குச் செத்த இரைச்சல், வியாழக்கிழமை செத்தவரின் அறிவித்தலில் எப்படி உயிரோடு இருக்கிறது?

வாசல் தூணோரம் காகிதக் கோப்பையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார் லெஃபேவ்ர். இந்த மாதிரி இடங்களுக்கு வந்து முகங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். ஹரி நேராக அவரிடம் போனான்.

*

ஃப்யூனரல் ஹோமின் சின்ன ஆபீஸ் அறை. கதவு சாத்தியாயிற்று. மேஜை மேல் லேப்டாப். லெஃபேவ்ர், ஹரி, அஜிதா, தியாகலிங்கம்.

ஹரி இங்கிலீஷில் விளக்கினான். அறிவித்தலைப் போட்டுக் காட்டினான். லெஃபேவ்ருக்குத் தமிழ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் இரைச்சலுக்கு மொழி தேவையில்லை. அவருக்கே கேட்டது.

சாவதற்கு இரண்டு நாள் முன்பே மரண அறிவித்தலா என்று கேட்டார்.

தியாகலிங்கம் பயப்படவில்லை. சிரித்தார்!

"இதுக்குத்தானா தம்பி இவ்வளவு அமர்க்களம்? ஓம். முதலே பதிஞ்சு வச்சனான்தான். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஒரு ஃபோல்டரைத் திறந்தார். வரிசையாகப் பெயர்கள். நாற்பத்து மூன்று.

அஜிதா படிக்கத் தொடங்கினாள். நாலாவது பெயரில் அவள் உதடு நின்றது. நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேர் உயிரோடு இருக்கிறார்கள்! கோயிலில் பாடுகிறவர்கள். பஸ்ஸில் பார்த்தால் சிரிக்கிறவர்கள். அவளுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தாய் அல்போன்சம்மா... அந்த அம்மாள் இதே நிமிஷம் வெளியே எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"மற்ற ரேடியோக்காரன் முந்திப்போடுவான்," என்றார் தியாகலிங்கம், ஏதோ தொழில் ரகசியம் சொல்கிற மாதிரி. "ஆள் முடிஞ்சு அரை மணித்தியாலத்தில நாங்கள் போடவேணும். வயசு போனவை, வருத்தக்காரர் எல்லாருக்கும் உறவுமுறையெல்லாம் கேட்டு வச்சுப் பதிஞ்சுடுவன். திகதியை மட்டும் விட்டு வைக்கிறது. கிறகரிக்கும் சீனி வருத்தம்தானே?"

கிறகரிக்குச் சர்க்கரை நோய் என்பது வரை லெஃபேவ்ருக்கு ஹரி மொழிபெயர்த்தான். அவர் காப்பிக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மிச்சம் குடிக்க மனசு வரவில்லை.

குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, மூத்த மகன் எங்கே இருக்கிறார், மருமகளின் பெயர் என்ன என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, நேரே போய் அதே ஆளுக்குக் கண்ணீர் அஞ்சலி பதிவு செய்கிற ஜென்மம்! அருவருப்புக்குச் சட்டத்தில் பிரிவு இருந்தால் அங்கேயே விலங்கு போட்டிருக்கலாம். பிரிவு இல்லை. இது கொலை இல்லை, கேவலம் மட்டும்தான். லெஃபேவ்ர் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஹரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திங்கட்கிழமை தெரிந்தது.

தியாகலிங்கம் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தன் தொழில் சுத்தத்தை நிரூபிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"நம்பிக்கை இல்லாட்டி அக்னெஸ் அம்மாவின்ரயைக் கேளுங்கோ. புதன்கிழமை ஆஸ்பத்திரியில முடிஞ்சவ. போன கிழமையே பதிஞ்சது. திகதியைப் புதன்கிழமை சேர்த்தனான்."

போட்டார்.

குரல் வந்தது. அடியில் இரைச்சல் வந்தது. 'அக்னெஸ் அவர்கள்' என்றது குரல். சட்டென்று இரைச்சல் நின்றது. 'ஒக்டோபர் மாதம் பதினெட்டாம் திகதி, புதன்கிழமை'... துடைத்த கண்ணாடி போலச் சுத்தம். 'கர்த்தருக்குள்' என்று மறுபடி தொடங்கியதும் இரைச்சல் திரும்பி வந்தது.

"பாத்தியளே?" என்றார் தியாகலிங்கம். "திருத்தினாப் பிறகு சேர்த்தது சுத்தமாக் கேக்குது. முந்திப் பதிஞ்சது இரையுது. தம்பியின்ர வேலை நல்ல வேலைதான். அதை நான் மறுக்கேல்ல."

ஹரி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இவ்வளவு நேரம் முழு அறிவித்தலையும் கேட்டவன், கேட்க வேண்டிய ஒரே இடத்தைக் கேட்கவில்லை!

"மேடம்," என்றான். "கிறகரி சாரோடதை இன்னொரு தடவை போடலாமா? தேதி வர்ற இடம் மட்டும்."

லெஃபேவ்ர் தலையசைத்தார். தியாகலிங்கத்தின் கை லேப்டாப் பக்கம் நகர்ந்தது. அதைவிட வேகமாக அஜிதாவின் கை நகர்ந்தது. அவளே போட்டாள்.

'...கிறகரி அவர்கள்'... ம்ம்ம்ம்... 'ஒக்டோபர் மாதம்'... ம்ம்ம்ம்... 'பத்தொன்பதாம் திகதி'... ம்ம்ம்ம்... 'வியாழக்கிழமை'... ம்ம்ம்ம்... 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

ஓர் இடத்திலும் விடவில்லை. ஓர் ஒட்டு இல்லை. தேதிக்கு அடியிலும் எருமை நின்றுகொண்டிருந்தது!

அஜிதாதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"செவ்வாய்க்கிழமைக்கு முதலே உங்களுக்குத் தெரியும், என்ன?" என்றாள். சத்தம் போடவில்லை. "அப்பா வியாழக்கிழமை சாவார் எண்டு."

தியாகலிங்கத்தின் தேன் குரலில் முதல் தடவையாக மணல் விழுந்தது.

"அது... வியாழன் காலமை இரைச்சல் திரும்ப வந்தது. இவன் திருத்தினது சரியில்லை. பேந்துதான் நான் திகதியைச் சேர்த்தனான்..."

ஹரி மொழிபெயர்த்தான். லெஃபேவ்ர் தன் குறிப்பேட்டை அவசரமில்லாமல் புரட்டினார்.

கிறகரி இறந்தது பத்து மணி தாண்டி. ஸ்டூடியோவுக்கு சீல் வைத்தது பத்து நாற்பது. அந்த இரைச்சல் போடுகிற பெட்டி ஸ்டூடியோவுக்குள்தான் இருக்கிறது, வெளியே எங்கும் இல்லை. எட்டு முதல் பதினொன்று வரை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் என்றார். குறிப்பேட்டின் நடுவிலிருந்து டயர் ரசீதின் நகலை எடுத்து மேஜை மேல் வைத்தார். யாரும் கேட்காமலே அவர் காட்டிய அதே ரசீது!

தியாகலிங்கம் அதைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

லெஃபேவ்ர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். மரண ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது. அதிலும் பெயர்கள். எல்லாம் பெண்கள் பெயர். ஹரி ஒன்றைத் திறந்தான். ரேடியோவுக்குப் போன் செய்து பாட்டுக் கேட்டவள், நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நம்பி, 'தியாகு அண்ணை' என்று தன் வீட்டுத் துயரத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். பதினொரு நிமிஷம். அவளுக்குத் தெரியாமல் பதிவாகியிருந்தது. கடைசியில் அந்தத் தேன் குரல் அவளுக்கு ஆறுதல் சொன்னது.

முப்பதுக்கு மேல் இருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'போட்டுக் காட்டியாச்சு' என்று குறித்திருந்தது. காட்டி மிரட்டி அந்த ஆள் என்ன கேட்டான் என்பதை அஜிதாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குப்பைத் தொட்டியிடம் ஓடினாள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடிய கிறகரி, போன சனிக்கிழமை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருந்த இதே ஃபோல்டரைத்தான் திறந்திருக்கிறார். வெளியே சொல்வதற்கு முன் பங்காளிக்கு எட்டு நாள் கொடுத்தார். நீயே ஒத்துக்கொள், இல்லாவிட்டால் ஞாயிறு நான் சொல்லுவன் என்று. அந்த எட்டு நாளில் பங்காளி அறிவித்தலைப் பதிந்தார். பழி போட ஓர் ஆளை ரிப்பேருக்குக் கூப்பிட்டார். அவனிடமே வித்தையைக் கேட்டுக்கொண்டார். புதன் சாயங்காலம், மறுநாள் காலை கிறகரி தனியாகத் திறக்கப்போகும் ஸ்டூடியோவுக்குள் கட்டிங் பிளேயரோடு போனார்.

விலங்கு மாட்டியபோது தியாகலிங்கம் எதையும் மறுக்கவில்லை. லெஃபேவ்ர் ஒன்றே ஒன்று கேட்டார். எல்லோருக்கும் தேதியை விட்டு வைத்தவர் இவருக்கு மட்டும் ஏன் சேர்த்துப் பதிந்தீர்கள்?

"ஒட்டுப் போட்டா அந்த இடத்தில சத்தம் மாறும்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிறகரி என்ர பங்காளி. அவருக்கு ஒட்டில்லாமல் வரவேணும் எண்டு நினைச்சன்."

ஹரி அதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான்.

ஹால் வழியாகத்தான் அவரைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. சவப்பெட்டியைக் கடக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார். கையைப் பிடித்து உருகியவர்கள் எல்லாம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்கள். விஷயம் அதற்குள் தேத்தண்ணி மேஜைக்குப் போய்விட்டது. அல்போன்சம்மா தட்டோடு குறுக்கே வந்து நின்றாள்.

"எனக்கும் பதிஞ்சு வச்சிருக்கிறீராமே. வயசு எத்தினை எண்டு போட்டனீர்?"

தியாகலிங்கம் முனகினார். எழுபத்தெட்டு.

"எழுபத்தஞ்சு," என்றாள் அல்போன்சம்மா. "உம்மட கையால ஒரு சாவும் ஒழுங்கா நடவாது."

அஜிதா சவப்பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கூப்பிட்டது போல ஹரியும் போய் நின்றான். இந்தத் தடவை யாரும் நிமிஷக் கணக்குப் பார்க்கவில்லை. மிக்ஸருக்குள் இருந்த ஒயர் தானாகக் கழன்றதில்லை, ஸ்க்ரூ டிரைவரால் கழற்றியது என்று எலக்ட்ரீஷியன் சற்று முன் போனில் உறுதி செய்ததை லெஃபேவ்ர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு ராத்திரியாக உட்கார்ந்திருந்த சந்தேகம் எழுந்து போனது. ஹரி அப்போதுதான் அழுதான்.

"அப்பா சொல்ல நினைச்சதை நாளைக்கு நான் சொல்லப்போறன்," என்றாள் அஜிதா. "கோயில்ல. மைக் இல்லாமல்."

*

திங்கட்கிழமை. வழக்குப் பதிவு ஆனது, வேறு பெயரில். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஹரி மெட்ரோ படியில் இறங்கும்போது போன் அடித்தது.

மறுமுனையில் நகுலேஸ்வரன். இன்னொரு தமிழ் ரேடியோவின் சொந்தக்காரர். தியாகலிங்கம் கைதான செய்தியை அரை மணி நேரத்தில் முந்திப் போட்டது அவர்தான்.

"தம்பி, உங்கட கெட்டித்தனத்தைக் கேள்விப்பட்டனான். எங்கட ஸ்டூடியோவிலயும் பின்னால ஒரு இரைச்சல் நிக்குது. ஒருக்கா வந்து பாப்பியளோ?"

ஹரி படியிலேயே நின்றான். பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வரேன் சார். ப்ளக்ல மூணு காலும் இருக்கா, பார்ட்னர் மூச்சு விடறாரா... ரெண்டையும் பாத்துட்டு மறுபடி ஃபோன் பண்ணுங்க!"